முள்ளங்கி ஏற்கும் விநாயகர்

சென்ற மார்கழியில் தஞ்சைப் பெரிய கோயில் திருச்சுற்றில் முதிய ஜப்பானியத் தம்பதியரைச் சந்தித்தேன். படம் பிடிக்க வந்தவர்கள் என்றெண்ணி, விநாயகர் சந்நிதியில் அவர் பெருமையைக் குழந்தைக்குச் சொல்வதுபோல் விளக்கினேன்.

கைகூப்பி வணங்கிய அம்மையார் மெல்லக் கூறினார்: "எங்கள் நாட்டில் இவர் காங்கிதென். டோக்கியோவில் அசாகுசாவுக்கு அருகே மட்சுச்சியாமா ஆலயத்தில் இவருக்கு முள்ளங்கி படைப்போம். உங்கள் சரஸ்வதி எங்களுக்குப் பென்சைதென். வீணைக்குப் பதிலாக பிவா என்னும் வாத்தியம் ஏந்தியிருப்பாள்."

பௌத்தத்துடன் சீனம் வழியே சென்ற நம் தெய்வங்கள் அங்கும் வழிபடப்படுவதை நான் அறிந்திருக்கவில்லை. வங்கிப் பணியில் எந்தக் கையொப்பத்தையும் சரிபாராமல் ஏற்காத நான், முகம் பார்த்தே முடிவு செய்துவிட்டேனே என்று நாணினேன்.

அன்று மாலை அவ்விருவரும் எங்கள் இல்லத்தில் கொழுக்கட்டை உண்டனர். அன்பர்களே, ஆலயத்தில் அயல்நாட்டவரைக் கண்டால், விளக்கத் தொடங்குமுன் சற்றே கேளுங்கள்.