கதைவழி ஆலோசனை

நோயுற்ற உடலுக்கு மருத்துவம் இருத்தல் போல, நொந்த உள்ளத்திற்கும் ஆறுதல் முறைகள் பல உள. அவற்றுள் ஒன்று கதைவழி ஆலோசனை. இதனை வகுத்தோர் ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய மைக்கேல் ஒயிட், நியூஸிலாந்தில் பணியாற்றிய டேவிட் எப்ஸ்டன் என்னும் இருவராவர். இவர்கள் சேர்ந்தியற்றி 1990-ல் வெளிவந்த நூலால் இம்முறை பல நாடுகளிலும் பரவிற்று. இதன் மூலக்கொள்கை யாதெனில், மனிதன் வேறு, அவனை வருத்தும் இடர் வேறு என்பதேயாம்.

இக்கொள்கையைக் குருபரப்பள்ளியில் வைத்து ஆராய்வோம். கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் இடையே பெருஞ்சாலையை அடுத்துள்ள இவ்வூரில் சிப்காட் தொழிற்பூங்கா அமைந்துளது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் வழங்கும் இவ்வட்டாரத்தில், வேலை தேடி வந்த வடநாட்டாரின் மொழிகளும் இன்று ஒலிக்கின்றன. இரவு முறையில் உழைக்கும் ஒருவர், "நான் எதற்கும் உதவாதவன்" என்று ஆலோசகரிடம் வந்து சொல்லுகிறார் என்று கொள்வோம். அவரைச் சோம்பேறி என்றோ கோழை என்றோ ஆலோசகர் தீர்மானியார். "இச்சோர்வு உம்மிடம் எப்பொழுது வந்தது? அதற்கு நீர் பணியாத நாள் உண்டோ?" என்று வினவுவார். துயிலின்மையும், வீட்டைப் பிரிந்த தனிமையும், மேலாளரின் சுடுசொல்லும் அப்பொழுது வெளிப்படும். காய்ச்சலுற்ற நண்பனுக்குத் தாம் கஞ்சி காய்ச்சிக் கொடுத்த இரவும் நினைவுக்கு வரும். அந்நினைவிலிருந்தே அவர்தம் வாழ்க்கையின் மற்றொரு கதை தொடங்குகிறது.

இதனின்று மூன்று நெறிகள் பெறப்படும். முதலாவது, ஒருவரது வாழ்க்கையை நன்கறிந்தவர் அவரே. ஆலோசகர் கேட்போரேயன்றித் தீர்ப்பளிப்போர் அல்லர். இரண்டாவது, அவரவர் மொழியிலேயே, அவரவர் விரும்பும் பெயராலேயே பேச இடமளித்தல் வேண்டும். மூன்றாவது, குலம், வறுமை, பால் என்பவற்றைக் காரணமாக்கி உலகம் இழைக்கும் அநீதியை, அதற்கு ஆளானவருடைய குறையென்று கருதலாகாது.

மூன்றாவது நெறிக்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. ஒருவரையொருவர் விரும்பிய இரு பெண்கள், பெற்றோரின் எதிர்ப்புக்கு அஞ்சிச் சென்னை உயர்நீதிமன்றத்தின் பாதுகாப்பை நாடினர். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இப்பொருளைத் தாம் முற்றும் அறிந்திலர் என்று ஒப்பி, மனநூல் வல்லுநர் ஒருவரிடம் தாமே பாடங்கேட்டு, 2021 ஜூன் 7-ல் ஆணை பிறப்பித்தார். இத்தகையோரது இயல்பை மருத்துவத்தால் மாற்ற முயலுதலை அவ்வாணை தடுத்தது. மாறவேண்டியது அப்பெண்களின் சுபாவமன்று, உலகத்தாரின் நோக்கே என்பது இதனால் விளங்கும்.

கதைவழி ஆலோசனை எல்லாவற்றையும் தீர்க்குமென்று நாம் கூறவில்லை. கடிய மனநோய்க்கு வைத்தியரை நாடவே வேண்டும். குறைந்த கூலிக்கு நல்வார்த்தை ஈடாகாது. ஆயினும், நாளை ஆலைகளிலும் பள்ளிகளிலும் பிறரை நடத்தும் பொறுப்பேற்கவிருக்கும் நம் மாணவர், ஒருவர்மீது பழிச்சொல்லைச் சுமத்துமுன் அவர் கதையைக் கேட்கும் வழக்கத்தை மேற்கொள்வாராயின், அவர் கற்ற கல்வி பயனுடையதாகும்.