கயிற்றை இழுக்கும் உரிமை



நம்மிடம் வேலை செய்பவர் முகம் சுளித்தால், "அவர் குணமே அப்படி" என்று பேச்சை முடித்துவிடுகிறோம். கடை முதலாளி சொல்கிறார், தலைமையாசிரியர் சொல்கிறார். பங்கு அலுவலகத்திலும் இந்தப் பேச்சு கேட்காமல் இல்லை. வேலையில் ஒருவருக்கு இருக்கும் மனப்பான்மைக்குக் குணம் மட்டும்தான் காரணமா?

அமெரிக்காவின் கலிபோர்னியாவில், ஃபிரீமாண்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் கார் தொழிற்சாலை ஒன்று இருந்தது. சண்டை, வேலைநிறுத்தம், வேலை நேரத்தில் குடி என்று கெட்ட பெயர் எடுத்த இடம். ஐந்தில் ஒருவர் வேலைக்கு வராத நாள்களும் உண்டு. 1982-இல் அதை மூடிவிட்டார்கள். 1984-இல் ஜப்பானின் டொயோட்டாவோடு கூட்டுச் சேர்ந்து அதே இடத்தில் மீண்டும் தொடங்கினார்கள். வேலைக்கு எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் அதே பழைய ஆள்கள், சங்கமும் அதேதான். ஆனால் சில ஆண்டுகளிலேயே வேலைக்கு வராதவர்கள் மிகச் சிலராகிவிட்டார்கள். கார்களின் தரமும் உயர்ந்தது.

என்ன மாறியது? முன்பு அசெம்பிளி லைன் எக்காரணம் கொண்டும் நிற்கக் கூடாது. ஒரு பாகம் சரியாகப் பொருந்தாவிட்டாலும் கார் நகர்ந்து போய்விடும். இப்போதோ, வேலை செய்கிறவர் கைக்கு எட்டும்படி ஒரு கயிறு. குறை கண்டால் இழுக்கலாம். குழுத் தலைவர் உடனே வந்து உதவுவார். அப்போதும் தீராவிட்டால் லைனே நிற்கும். எந்த வேலையை எந்த முறையில், எத்தனை விநாடியில் செய்வது என்பதையும் தொழிலாளர்களே நேரம் பார்த்து எழுதினார்கள். முன்பு அது பொறியாளர்கள் கடிகாரத்தோடு வந்து நின்று அளந்த காரியம்.

இரண்டு ஆண்டு வேலையில்லாமல் இருந்த பயம்தான் அவர்களைத் திருத்தியது என்று ஒருவர் சொல்லலாம். அதிலும் உண்மை இருக்கும். ஆனால் பயம் ஆளை நேரத்துக்கு வரவைக்கும். தன் தவற்றைத் தானே கயிறு இழுத்துக் காட்ட வைக்காது. 1981-இல் மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில் திருத்தந்தை புனித இரண்டாம் ஜான் பால், மேலிருந்து இயக்கப்படும் பெரிய இயந்திரத்தின் ஒரு பல்சக்கரமாகத் தொழிலாளி தன்னை உணரக் கூடாது என்கிறார்.

குணத்தையும் ஒதுக்கிவிட முடியாது. கயிறு எல்லாருக்கும் ஒன்றுதான். இழுக்கும் கைகள் ஒன்றல்ல. துணிச்சலானவர் முதல் நாளே இழுப்பார். கூச்சமுள்ளவர், "என்னால்தான் லைன் நின்றது என்பார்களோ" என்று தயங்குவார். தாலந்து உவமையில் வரும் மூன்றாம் பணியாளரைச் சோம்பேறி என்று மட்டுமே நினைத்துக்கொள்கிறோம். அவர் தம் வாயால் சொன்ன காரணம் பயம். தலைவர் கடினமானவர் என்ற எண்ணம்.

இப்படிப்பட்டவர் நாம் கொடுக்கும் வாக்கைவிட நடத்தையைத்தான் கவனிப்பார். முதல் முறை கயிற்றை இழுத்தபோது யார் ஓடிவந்தார், எப்படிப் பேசினார் என்று பார்ப்பார். ஃபிரீமாண்டில் 1980-களின் இறுதியில் விற்பனை சரிந்து, லைனின் வேகத்தைக் குறைக்க நேர்ந்தது. அப்போது நிர்வாகம் யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. வேலை குறைந்தவர்களைப் பயிற்சிக்கு அனுப்பியது.