மண்ணில் விழுந்த அணுத்தூசி பாலுக்கு வருவது எப்படி?



அணு உலை வெடித்தால் காத்துல விஷம் பரவும் என்பதோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம். அது மழையோடு மண்ணில் இறங்கிய பிறகு என்ன ஆகிறது? கறவை மாடு வைத்திருக்கும் நாம் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1986 ஏப்ரல் 26-ல், அப்போது சோவியத் நாட்டில் இருந்த உக்ரைனின் செர்னோபில் அணு உலை வெடித்தது. கதிரியக்கத் தூசி புல் மேல் படிந்தது. மேய்ந்த மாட்டின் பாலில் சில நாளிலேயே கதிரியக்க அயோடின் வந்துவிட்டது. உடம்புக்குள் போனால் அது கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியில் சேரும். குழந்தைக்குச் சுரப்பி சின்னது, குடிக்கிற பாலோ அதிகம். இந்த அயோடின் 8 நாளில் பாதியாகும், அடுத்த 8 நாளில் அந்தப் பாதியும் பாதியாகும். இரண்டு மூன்று மாதம் அந்தப் பாலை நிறுத்தியிருந்தால் பல பிள்ளைகள் தப்பியிருப்பார்கள். ஆனால் பல கிராமங்களுக்கு உரிய நேரத்தில் யாரும் சொல்லவில்லை. அன்று சிறுவர் சிறுமியராக இருந்தவர்களில் 2005-க்குள் 6000 பேருக்கு மேல் தைராய்டு புற்றுநோய் வந்தது. அதில் கணிசமான பங்குக்கு இந்தப் பால்தான் காரணம்.

அயோடின் போனாலும் சீசியம் போகவில்லை. அது பாதியாகவே 30 வருஷம் ஆகும். நாம் வயலுக்குப் போடும் பொட்டாஷ், அதாவது சாம்பல் சத்து, அதுவும் சீசியமும் குணத்தில் அக்கா தங்கச்சி மாதிரி. வேருக்குப் பெரிதாக வித்தியாசம் தெரியாது. மண்ணில் சாம்பல் சத்து குறைந்தால் செடி சீசியத்தை அதிகமாக இழுத்துக்கொள்ளும்.

மண்ணின் வாகும் முக்கியம். களிமண் சீசியத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், லேசில் விடாது. மணலிலும் இலைதழை மக்கிய சதுப்பு மண்ணிலும் அந்தப் பிடி இல்லை. அதனால்தான் ஒரே அளவு தூசி விழுந்தாலும், வட உக்ரைனின் சதுப்பு நிலக் கிராமங்களில் பாலில் பல மடங்கு ஏறியது. வெகுதூரத்தில் உள்ள பிரிட்டனின் வேல்ஸ் மலைகளிலும் இதே கதை. அங்கே செம்மறி ஆடு விற்பனைக்கு 2012 வரை கட்டுப்பாடு இருந்தது!

பாதித்த பகுதிகளில் பொட்டாஷை வழக்கத்தைவிட அதிகம் போட்டார்கள், ஆழ உழுதார்கள். பிரஷ்யன் நீலம் என்ற சாயப்பொருளை மாட்டுக்குக் கொடுத்தார்கள். அது வயிற்றிலேயே சீசியத்தைப் பிடித்துச் சாணியோடு வெளியேற்றிவிடும்.

பாலைக் காய்ச்சினால் போகாதா என்று கேட்பீர்கள். போகாது. கடைந்தால் போகும். சீசியம் தண்ணீரோடு சேரும், கொழுப்போடு சேராது. அதனால் வெண்ணெயில் கொஞ்சம்தான் தங்கும், நெய்யாக உருக்கினால் அதுவும் அநேகமாக இருக்காது. மிச்சமெல்லாம் மோரில்தான். அந்த மோரைக் கொட்ட மனசு வராதுதான். ஆனாலும் பிள்ளைக்கும் கொடுக்கக் கூடாது, கன்றுக்கும் வைக்கக் கூடாது.