பேருந்து வரும் நேரமும் ஒன்பதாம் வகுப்புக் கணக்கும்

சந்தோஷபுரத்திலிருந்து சேலையூருக்குப் படிக்க வரும் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, வாரத்தில் இரண்டு நாளாவது முதல் பாடவேளைக்குத் தாமதமாக வருவாள். கேட்டால், "பஸ் வரல மிஸ்" என்பாள். "போன்ல பாத்துட்டுக் கிளம்ப வேண்டியதுதானே?" என்று ஒருநாள் எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன். வீட்டில் இருப்பது ஒரே போன் என்பதும், அதை எடுத்துக்கொண்டு அப்பா காலை ஆறு மணிக்கே வேலைக்குப் போய்விடுவார் என்பதும் பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

நான் சொன்னதில் இன்னொரு பிழையும் இருந்தது. போனில் தெரியும் நேரம் உறுதியான நேரம் அல்ல.

மாநகரப் பேருந்துகள் எங்கே வருகின்றன என்று காட்டும் 'சென்னை பஸ்' செயலி 2022 மே மாதம் அறிமுகமானது. பேருந்தில் உள்ள ஜிபிஎஸ் கருவி, குறைந்தது 4 செயற்கைக்கோள்களின் சமிக்ஞைகளைக் கொண்டு தான் இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கணக்கிடுகிறது. அந்த விவரம் செல்போன் வலையமைப்பு வழியாகச் சர்வருக்குப் போகிறது. ஒவ்வொரு தடத்தின் நிறுத்தங்களும் அங்கே வரிசையாகப் பதிவாகியிருக்கும். (இப்படிப் பதிவதற்கு இன்று உலகெங்கும் பயன்படும் ஜிடிஎப்எஸ் வடிவம், 2005இல் அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகரப் போக்குவரத்து நிறுவனமும் கூகுளும் சேர்ந்து தொடங்கியது. காற்புள்ளியிட்ட வெறும் எழுத்துக் கோப்புகள்தான். கணினி ஆசிரியர்கள் வகுப்பிலேயே திறந்து காட்டலாம்.)

இனி நடப்பது நம் பாடநூல் கணக்கு. பேருந்து 3 கிலோமீட்டர் தொலைவில், மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் 12 நிமிடம். மேடவாக்கம் கூட்டுச்சாலை நெரிசலில் வேகம் 10 ஆகக் குறைந்தால் 18 நிமிடம். தொலைவு தெரிந்தது, வேகமோ ஊகம். பழைய பயணங்களின் வேகத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஊகம் மேம்படும், அவ்வளவுதான்.

இதையே வகுப்பில் செய்து பார்த்தோம். போன் உள்ள வீட்டுப் பிள்ளைகள் இரண்டு வாரம், செயலி சொன்ன நிமிடத்தையும் பேருந்து உண்மையில் வந்த நிமிடத்தையும் பெற்றோர் உதவியோடு குறித்து வந்தார்கள். ஒருநாள் 6 என்றது 14 ஆனது. இன்னொரு நாள் சொன்னபடியே வந்தது. வீச்சு, சராசரி, இடைநிலை அளவு மூன்றையும் அவர்களே கண்டார்கள். புள்ளியியலை நான் இவ்வளவு எளிதாக நடத்தியதே இல்லை.

2025 செப்டம்பரில் வந்த 'சென்னை ஒன்' செயலியில் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே இடத்தில் பயணச்சீட்டு எடுக்கலாம். நல்ல வசதிதான். ஆனால் அதற்கும் கையில் போன் வேண்டுமே!

ஆகவே பிள்ளைகள் திரட்டிய அட்டவணையைத் தாளில் எழுதி அந்த மாணவியிடம் கொடுத்தோம். அன்று கடிந்துகொண்டதற்கு வகுப்பிலேயே வருத்தமும் தெரிவித்தேன். தாளைக் கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிக்கொண்டாள். அதைப் பார்த்து எந்தப் பேருந்தை நம்பலாம் என்று அவளே முடிவு செய்து, முந்தைய பேருந்துக்கு மாறினாள். மழைக்காலம் தொடங்கியதும் என்னிடம் வந்து, "ரோட்ல தண்ணி நிக்கிற நாளுக்குத் தனியா ஒண்ணு போடணும் மிஸ்" என்றாள். இப்போது அதற்கான குறிப்புகளை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.