உஷார்! உங்கள் கம்பெனி செய்தியில் அடிபடுகிறதா?

கம்பெனியின் பெயர் டிவியில் ஓட ஆரம்பித்த பிறகு ரெஸ்யூமே எழுத உட்காராதீர்கள். அதற்குள் உங்கள் சகாக்கள் எல்லோரும் அதே பெயரோடு, அதே வாரத்தில் வேலை தேடி இறங்கியிருப்பார்கள். 2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்கில் காட்டிய சுமார் 5,040 கோடி ரூபாய் கையிருப்பு இல்லவே இல்லை என்று கடிதம் எழுதினார். அங்கே வேலை பார்த்த ஏறக்குறைய 50,000 பேரில் மிகப் பெரும்பாலானோருக்கு அந்த மோசடியோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனாலும் உலகச் சந்தையே படுத்துக் கிடந்த அந்த நேரத்தில், அடுத்த மாதச் சம்பளம் வருமா என்று தவித்தவர்கள் அவர்கள்தான்.

அறிகுறி முன்பே தெரியும். ஆன்லைன் கல்வி நிறுவனமான பைஜூஸின் தணிக்கையாளர் டெலாய்ட் விலகியது 2023 ஜூனில். அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் ஊழியர்களின் சம்பளம் இழுபறியானது. 2024 ஜூலையில் திவால் நடவடிக்கை. தணிக்கையாளர் கழன்றுகொண்டால், ஆஃபர் எதுவும் கையில் இல்லாவிட்டாலும் அன்றே தேட ஆரம்பியுங்கள். ‘கம்பெனி தருவதாகச் சொன்ன பங்கு கைக்கு வரட்டும்’ என்று காத்திருப்பதுதான் பலரையும் கவிழ்க்கிறது.

கெட்ட பெயர் எடுத்த இடத்தில் இருந்தீர்கள் என்பதற்காக மட்டும் எல்லோரும் கதவைச் சாத்திவிட மாட்டார்கள். அங்கே உங்கள் கை என்ன செய்தது என்பதைத்தான் துருவுவார்கள். 2022 நவம்பரில் சரிந்த எஃப்டிஎக்ஸ் கிரிப்டோ நிறுவனத்தில் இன்ஜினியரிங் பிரிவுக்குத் தலைமை வகித்தவர் நிஷாத் சிங். வயது முப்பதைக்கூடத் தொடவில்லை. அலமேடா என்ற சகோதர நிறுவனத்தின் கணக்கு மட்டும் பூஜ்யத்துக்குக் கீழே போகலாம் என்று புரோகிராமில் ஒரு விலக்கு சேர்க்கப்பட்டிருந்ததும், அது முதலாளி சொல்லிச் செய்யப்பட்டதும் நீதிமன்றத்தில் சாட்சியமாக வந்தன. வாடிக்கையாளர் பணம் அந்தப் பக்கம் போயிற்று. சிங் 2023-இல் ஆறு குற்றங்களை ஒப்புக்கொண்டு அரசுத் தரப்பு சாட்சியானார். 2024-இல் சிறைக்குப் போகாமல் தப்பினார். தண்டிக்கப்பட்டவர் என்ற பதிவிலிருந்து தப்பவில்லை. மேலதிகாரி சொன்னார், செய்தேன் என்பது அங்கே கவசமாகவில்லை.

தெரானோஸ் ரத்தப் பரிசோதனை நிறுவனத்தில் எரிக்கா சாங் வெறும் இளநிலை ஆய்வக ஊழியர். முடிவுகள் தப்பாக வருவதைக் கண்டு வேலையை விட்டார். மிரட்டலுக்கு நடுவிலும் 2015-இல் அமெரிக்கக் கண்காணிப்பு அமைப்புக்குப் புகார் எழுதினார். அதே நிறுவனத்தின் பெயர் இன்று அவருக்குக் களங்கமாக இல்லை. எல்லோருக்கும் அந்தத் துணிவு வாய்க்காது, சரி. ‘இதை எதற்காகச் செய்கிறோம்?’ என்று மெயிலில் கேட்பதாவது உங்களால் முடியும். பதிலை வாயாலேயே சொல்லிச் சமாளித்தால் அந்த வேலையைத் தொடாதீர்கள்.

இன்னொரு விபரீத யோசனையும் காதில் விழுகிறது: அந்தக் கம்பெனியின் பெயரையே ரெஸ்யூமேயிலிருந்து தூக்கிவிடலாமாம். வேண்டவே வேண்டாம்! உங்கள் யுஏஎன் எண்ணைத் தட்டினால் பி.எஃப். பதிவில் எந்த நிறுவனம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று வந்து நிற்கும். பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷனில் மறைத்தது பிடிபட்டால் கையில் இருக்கும் ஆஃபரும் போய்விடும். கம்பெனியின் குற்றம் அத்தோடு உங்கள் பொய்யாகிவிடும். பெயரைப் போடுங்கள், என்ன வேலை பார்த்தீர்கள், ஏன் விட்டீர்கள் என்பதை இரண்டே வாக்கியத்தில், யாரையும் திட்டாமல் சொல்லப் பழகுங்கள்.

கம்பெனி மூழ்கிய பிறகு எச்.ஆரில் போனை எடுக்கக்கூட ஆள் இருக்காது. ரிலீவிங் லெட்டர் யாரிடம் கேட்பீர்கள்? ஆஃபர் லெட்டர், பேஸ்லிப், ஃபார்ம் 16 எல்லாவற்றையும் இப்போதே சொந்த மெயிலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். சம்பளத்தில் பிடித்த பி.எஃப். உண்மையில் கட்டப்பட்டிருக்கிறதா என்று பாஸ்புக்கில் பாருங்கள். பிடித்த வரி 26ஏஎஸ் படிவத்தில் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஆனால் உங்கள் காகிதங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆத்திரத்தில் கம்பெனியின் சோர்ஸ் கோடையும் வாடிக்கையாளர் பட்டியலையும் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு வெளியேறினால் வழக்கு உங்கள் மேலேயே பாயும்.