பதவியின் பெயரா, பணியின் பயனா?

திருவண்ணாமலைத் திருக்கோயிலுக்குத் தென்மேற்கே, செங்கம் சாலையை ஒட்டி அமைந்துள்ளது ரமணாசிரமப் பகுதி. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நடப்போரையும், அயல்நாடுகளிலிருந்து வந்து மாதக்கணக்கில் தங்குவோரையும் அங்கே நாடோறும் காணலாம். அவர்களை நம்பி விடுதிகளும் உணவகங்களும் நடைபெறுகின்றன. வருவோர் மிகுந்தால் வருவாய் மிகும், குறைந்தால் குறையும். இத்தகைய தெருக்களில் வாழும் படித்த பெண்களுக்கு, வீட்டுக்கு அருகிலுள்ள ஒரு பள்ளியில் கிடைக்கும் வேலை பெரும் ஆறுதலே ஆகும்.

அப்படி வேலை தேடிச் செல்பவருக்கு இரண்டு வாயில்கள் திறந்திருக்கக் காண்கிறோம். ஒன்று, பேறுகால விடுப்பில் சென்ற ஆசிரியைக்குப் பதிலாகவோ, காலியிடம் நிரம்பும் வரையிலோ பாடம் நடத்துவது. ‘லீவ் வேகன்சி’ என்று பேச்சு வழக்கில் சொல்வது இதனைத்தான். மற்றொன்று, மழலையர் வகுப்பிலோ, மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகள் பயிலும் வகுப்பிலோ ஆசிரியைக்குத் துணையாக நிற்பது. முதலாவதில் ‘டீச்சர்’ என்ற அழைப்பு உண்டு. இரண்டாவதில் பல இடங்களில் ‘ஆயா’ என்ற பெயரே மிஞ்சுகிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறலாமா என்று எண்ணும் சகோதரிகள், பெயரைப் பார்த்து முடிவு செய்யாதிருக்க வேண்டும் என்பதே நாம் கூற விழைவது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2022-ஆம் ஆண்டு தமிழக அரசு, 13,331 ஆசிரியர் காலியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழுக்களின் வாயிலாகத் தற்காலிகமாக நிரப்ப முன்வந்தது. இடைநிலை ஆசிரியருக்கு மாதம் ரூ.7,500, பட்டதாரி ஆசிரியருக்கு ரூ.10,000, முதுகலை ஆசிரியருக்கு ரூ.12,000 என்று அப்போது தொகுப்பூதியம் அறிவிக்கப்பெற்றது. நிலையான ஆசிரியர் வந்து சேர்ந்தாலோ, கல்வியாண்டு முடிந்தாலோ அப்பணியும் முடிந்துவிடும் என்பதே ஏற்பாடு. தனியார் பள்ளியில் கிடைக்கும் விடுப்புக் காலியிடமோ இன்னும் குறுகியது. சட்டம் அளிக்கும் பேறுகால விடுப்பு 26 வாரங்களே.

ஆகவே மாத ஊதியத்தைப் பாராமல் பன்னிரண்டு மாத வருவாயைப் பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, மாதம் ரூ.10,000 வீதம் பத்து மாதம் கிடைத்தால் ஆண்டு வருவாய் ரூ.1,00,000. மாதம் ரூ.8,000 வீதம் பன்னிரண்டு மாதமும் கிடைத்தால் ரூ.96,000. வேறுபாடு ரூ.4,000 மட்டுமே! தொலைவிலுள்ள பள்ளிக்குச் செல்லும் பேருந்துக் கட்டணத்திலேயே அது கரைந்துவிடக் கூடும். பௌர்ணமி தோறும் கிரிவலக் கூட்டத்தால் போக்குவரத்து மாற்றிவிடப்படும் ஊரில், நடந்து செல்லும் தொலைவில் வேலை இருப்பதும் ஒரு வருவாயே.

மே மாதத்தின் பொருளை நம் நாட்டுப் பகுதிநேர ஆசிரியர்கள் நன்கு அறிவர். ஓவியம், உடற்கல்வி முதலிய பாடங்களுக்கு 2012-இல் ரூ.5,000 தொகுப்பூதியத்தில் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்டோர் அமர்த்தப்பெற்றனர். மே மாத ஊதியமும் பணி நிலைப்பாடும் வேண்டி அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடி வந்தனர். மறுபுறம், அங்கன்வாடிப் பணியாளரும் உதவியாளரும் பணிக்கொடை பெற உரியவர் என்று உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. பணிக்கொடைக்குப் பொதுவாக ஐந்தாண்டுத் தொடர்பணி வேண்டும். ஆண்டுதோறும் அறுந்து அறுந்து தொடங்கும் வேலையில் அத்தகுதி எளிதில் வாய்ப்பதில்லை. பெயரில் தாழ்ந்ததாகத் தோன்றும் பணி, உரிமையில் உயர்ந்து நிற்பதும் உண்டு என்பதற்கு இது சான்று.

அடுத்து நோக்க வேண்டியது, அவ்வாயில் எங்கே கொண்டு சேர்க்கும் என்பது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த பின், எட்டாம் வகுப்பு வரை கற்பிக்க ஆசிரியர் தகுதித் தேர்வு வேண்டுவதாயிற்று. 150 மதிப்பெண்ணுக்கு நடைபெறும் அத்தேர்வில் பொதுவான தேர்ச்சி வரம்பு 90. பி.எட். பட்டம் மட்டும் உடையவர் தொடக்க வகுப்புகளுக்குத் தகுதியுடையவர் ஆகார் என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கூறியது. பணியிலிருப்போரும் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று 2025 செப்டம்பரில் தீர்ப்பளித்த அதே நீதிமன்றம், சிறுபான்மைப் பள்ளிகள் பற்றிய வினாவைப் பெரிய அமர்வின் முடிவுக்கு விட்டது. நம் பள்ளிகளை நாடும் பெண்கள் இதனை மனத்தில் கொள்க. தற்காலிகப் பணி அனுபவத்தைத் தரும், தேர்வுக்கு ஈடாகாது.

எனவே, தகுதித் தேர்வில் தேறியவராய், கணவரின் நிலையான வருவாயும் உடையவராய் இருப்பின், குறுகிய காலமாயினும் வகுப்பறையில் தனித்து நின்று கற்பிக்கும் வாய்ப்பை ஏற்பது நன்று. குடும்பத்தின் அடுப்பு அவரது ஊதியத்தையே நம்பி எரிவதாயின், தொடர்ந்து கிடைக்கும் உதவியாளர் பணியை ஏற்று, மாலை வேளையில் தேர்வுக்குப் படிப்பதே அறிவுடைமை. எவ்வாறாயினும் பணிக்காலம், கோடைக்கால ஊதியம், வேலை நேரம் ஆகியவற்றை எழுத்தில் பெற்றுக்கொள்ளத் தயங்கலாகாது. கல்வியாண்டின் நடுவில் மாறுவதையும் இயன்றவரை தவிர்க்க வேண்டும். ஒரு முகத்தைக் கண்டு அழுகையை நிறுத்தக் கற்ற மூன்று வயதுக் குழந்தைக்கு அம்முகம் திடீரென மறைவது சிறு இழப்பன்று.

உதவியாளர் என்ற சொல் இழிவானதா? இளைஞரின் தந்தையும் ஆசிரியருமாகப் போற்றப்படும் புனித தொன் போஸ்கோவின் இல்லங்களில், விளையாட்டிலும் படிப்பிலும் சிறுவருடன் உடனிருந்து காத்தவருக்கு வழங்கிய பெயரே உதவியாளர் என்பதுதான். தவறு நேர்ந்தபின் தண்டிப்பதைவிட, உடனிருந்து தவறு நேராமல் காப்பதே அவர் கண்ட கல்விமுறை. காலணியின் வாரைக் கட்டிவிடும் கை, எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையின் விரலைப் பிடித்து நகர்த்தும் கை, கரும்பலகையில் எழுதும் கைக்கு எவ்வகையிலும் தாழ்ந்ததன்று.

ஆயினும், “சேவை” என்று புகழ்ந்துவிட்டுக் கூலியைக் குறைப்பது அறமாகாது. தொழிலாளி வாழப் போதிய ஊதியம் நீதியின் கடன் என்று திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1891-இலேயே தமது சுற்றுமடலில் வலியுறுத்தினார். உழைப்பின் மதிப்பு செய்யும் தொழிலின் வகையில் இல்லை, செய்பவர் மனிதர் என்பதில் உள்ளது என்று 1981-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் போதித்தார். இப்போதனையை ஞாயிறு மறையுரையில் கேட்கும் நாம், திங்களன்று நம் பள்ளி அலுவலகத்திலும் கைக்கொள்கிறோமா? தற்காலிக ஆசிரியைக்கு மே மாதத்தில் அடுப்பெரிகிறதா என்றும், உதவியாளரைப் பெயர் சொல்லி அழைக்கிறோமா என்றும் பள்ளி நிர்வாகிகள் தங்களைக் கேட்டுக்கொள்வார்களாக. பெற்றோரும் தம் பிள்ளைகளுக்கு இருவரையும் ஒருங்கே வணங்கக் கற்பிப்பார்களாக.

இவ்விரு வாயில்களின் முன் நின்று கலங்கும் சகோதரியே, ஒரு தாளை எடுத்து, ஆண்டு வருவாய், வீட்டின் தேவை, தேர்வுக்குக் கிடைக்கும் நேரம் ஆகிய மூன்றையும் எழுதிப் பார். குடும்பமாக அமர்ந்து பேசி, செபித்து, முடிவு செய். எந்த வாயிலில் நுழைந்தாலும் உள்ளே உனக்காகக் காத்திருப்பது குழந்தைகளே.