துயரமும் தனிமையும் ஆறுதலும்: ஓசுவின் ‘ரோக்கியோக் கதை’ பற்றிய ஒரு நோக்கு

பிரிவையும் தனிமையையும் ஆறுதலான நடையிற் சித்திரிக்கும் திரைப்படங்களை ஆன்மிகப் படைப்புகளாகக் கொள்ளும் மரபொன்று திறனாய்விலே நிலைபெற்றுள்ளது. 1972இல் போல் ஷ்ரேடர் வெளியிட்ட நூல், யப்பானிய நெறியாளர் யசுஜிரோ ஓசுவின் (1903-1963) பாணியை ஸென் மரபோடு இணைத்து, உலகியல் கடந்த நிலையை உணர்த்துவதாக விளக்கிற்று. ஓசுவின் அமைதியை அது நன்கு இனங்கண்டது. ஆயின், அவ்வமைதியுள் உறையும் துயரம் எங்கிருந்து பிறக்கின்றது என்பதே நமது வினா. ‘ரோக்கியோக் கதை’ (1953) இதற்கு விடை தருகின்றது.

ஒனோமிச்சித் துறைமுகப் பட்டினத்திலிருந்து முதிய தம்பதியர் தலைநகரில் வாழும் பிள்ளைகளைக் காணச் செல்கின்றனர். மூத்த மகன் புறநகர் மருத்துவன். மகள் சிகையலங்கார நிலையம் நடத்துபவள். இருவர்க்கும் நேரமில்லை. பெற்றோர் அத்தாமி வெந்நீரூற்று விடுதிக்கு அனுப்பப்படுகின்றனர். பிள்ளைகள் கொடியவரல்லர், பிழைப்பின் நெருக்கடியே அன்பையும் அளந்து வழங்கச் செய்கின்றது. போரில் மாண்ட இரண்டாவது மகனின் மனைவி நொரிகோ மட்டும் அலுவலகத்தில் ஒருநாள் விடுப்புப் பெற்று அவர்களை உபசரிக்கின்றாள். எட்டாண்டுகளாக ஓர் அறையிலே தனித்திருப்பவள் அவள். அத்தனிமை அவள் நாடிய தவமன்று. போர் அவள்மீது சுமத்தியது.

பாயில் அமர்ந்தவரின் கண்மட்டத்துக்குத் தாழ்ந்து, பெரும்பாலும் அசையாது நிற்கின்றது ஓசுவின் கமரா. துறைமுகப் படகுகளும் தலைநகரின் புகைபோக்கிகளும் கதைமாந்தரின்றியே காட்டப்படுகின்றன. இவ்விடைவெளிகள் இருவேறு வாழ்க்கை முறைகளை ஒப்புநோக்கப் பார்வையாளனுக்கு அவகாசமளிக்கின்றன.

தாய் இறந்தபின் மகள் நினைவுப்பொருளாகத் தாயின் உடைகளைக் கேட்கின்றாள். நொரிகோ எதனையும் கேட்கவில்லை. மறுமணம் செய்யுமாறு மாமனார் கூறும்போது, கணவனை நினையாத நாட்களும் தனக்குண்டென அவள் ஒப்புக்கொள்கின்றாள். அவர் அதனைக் குற்றமாகக் கொள்ளவில்லை. மனைவியின் கடிகாரத்தை அவளுக்கு அளிக்கின்றார். விதவை கணவனின் நினைவோடு உறைந்திருக்க வேண்டும் என்னும் எதிர்பார்ப்பிலிருந்து அவளை விடுவிக்கும் செயல் இது. நின்றுபோன அவளது காலம் மீண்டும் இயங்குகின்றது. ஆறுதல் இங்கே வழிபாட்டாலோ துறவாலோ வரவில்லை. துயருற்ற இருவரின் ஒளிவுமறைவற்ற உறவிலிருந்து வருகின்றது.

எனினும், கிழவர் தனித்தே எஞ்சுகின்றார். பிள்ளைகளின் வாழ்வும் மாறவில்லை. சமூக மாற்றத்தை ஓசு பேசவில்லை என்பது உண்மையே. ஆயினும், பொய்யான ஆறுதலை அவர் வழங்கவுமில்லை. துயரின் காரணங்களை மறைக்காத கலையே மனிதனை உண்மையில் ஆற்றுப்படுத்தும் என்பதற்கு இப்படம் சான்றாகும்.